தளர்வே மயக்கத்திற்கு வழிவிட்டபோது: ஊசி அச்சத்தில் சுய ஹிப்னாஸிஸ் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் இடம்பெறுபவரின் ஒப்புதலுடன் இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. நடந்தவற்றின் வரிசையும் அவற்றின் தன்மையும் மாற்றப்படவில்லை. சுய ஹிப்னாஸிஸ், அதாவது ஒருவர் தம் கவனத்தைக் குவித்துத் தம் மனத்திற்குத் தாமே சொல்லிக்கொள்ளும் பயிற்சி, ஆழ்மனத்தை எட்டுகிறதா என்ற கேள்வியே பெரும்பாலும் எழுப்பப்படுகிறது. எட்டும்போது அங்கே எந்தச் செய்தி போய்ச் சேர்கிறது என்ற கேள்வி அதைவிட முக்கியமானது என்பதை எனக்குக் கற்றுத்தந்த நிகழ்வு இது.

## பின்னணி

கணக்குத் துறையில் பணிபுரியும் 38 வயதுப் பெண் ஒருவருக்குக் கைவிரல் மூட்டுகளில் வீக்கம் தொடங்கி, அது முடக்குவாதம் என்று உறுதியாகி, வாரம் ஒருமுறை உட்கொள்ளும் மெத்தோட்ரெக்சேட் மருந்து பரிந்துரைக்கப்பட்டிருந்தது. இந்த மருந்து கல்லீரலையும் ரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் பாதிக்கக்கூடும் என்பதால், அதை எடுத்துக்கொள்பவர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். அவருடைய சிக்கல் இங்கேதான் தொடங்கியது. சிறு வயது முதலே ஊசியையோ ரத்தத்தையோ பார்த்தால் அவர் மயங்கி விழுந்துவிடுவார். பள்ளியில் தடுப்பூசிக்காக வரிசையில் நின்றபோது முதன்முறையாக மயங்கியதாக அவருக்கு நினைவு. அவருடைய தாயாருக்கும் இதே இயல்பு இருந்திருக்கிறது. இவ்வகை அச்சம் குடும்பங்களில் தொடர்ந்து வருவது நன்கு அறியப்பட்ட ஒன்று.

ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஊசி தேவைப்படும் சூழல்களை ஒவ்வொன்றாகத் தவிர்த்தே அவர் வாழ்ந்திருக்கிறார். இப்போது தவிர்க்க முடியாத நிலை வந்தது. இரண்டு முறை பரிசோதனையைத் தள்ளிப்போட்ட பிறகு, முடிவுகளைப் பார்க்காமல் மருந்தைத் தொடர முடியாது என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். மருந்தை நிறுத்தினால் மூட்டுகள் மேலும் சிதையும். தொடர வேண்டுமானால் ஊசிக்குக் கையை நீட்ட வேண்டும். இந்த நெருக்கடியில்தான் அவர் யாரையும் கேட்காமல் சுய ஹிப்னாஸிஸை முயன்று பார்க்கத் தீர்மானித்தார்.

## அவர் தாமாகச் செய்த முதல் முயற்சி

கைப்பேசியில் கிடைத்த 25 நிமிட ஒலிப்பதிவு ஒன்றை அவர் 6 வாரங்கள், ஒரு நாளும் விடாமல், இரவில் படுத்தபடியே கேட்டிருக்கிறார். மூச்சை நிதானப்படுத்துவது, பத்துப் படிகளில் கீழே இறங்கிச் செல்வதாகக் கற்பனை செய்வது, கைகால்கள் கனத்துத் தளர்வதாக உணர்வது என்ற வழக்கமான அமைப்பு கொண்ட பதிவு அது. அதன் இறுதியில், கேட்பவர் தமக்குத் தேவையான கருத்தேற்றத்தை, அதாவது மனத்தில் பதியவைக்க விரும்பும் வாக்கியத்தைச் சொல்லிக்கொள்வதற்காகச் சிறிது நேரம் மௌனம் விடப்பட்டிருந்தது. அந்த இடத்தில் தாம் சொல்லிக்கொண்ட வாக்கியங்களை அவர் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். பின்னர் அதை என்னிடம் காட்டினார். மூன்று வாக்கியங்கள்: "நான் ஊசிக்குப் பயப்பட மாட்டேன். நான் மயங்கி விழ மாட்டேன். என் உடல் முழுவதும் தளர்ந்து இருக்கும்."

இந்த முயற்சி வீண் போனது என்று சொல்லிவிட முடியாது. அவருடைய உறக்கம் சீரானது. பரிசோதனையை நினைத்தாலே வயிற்றைப் பிசையும் உணர்வு குறைந்தது. அச்சத்திற்கு 10-க்கு எத்தனை என்று அவர் தினமும் குறித்துவந்த எண் 9-லிருந்து 5-க்கு இறங்கியிருந்தது. நம்பிக்கையோடு ஆய்வகத்திற்குச் சென்றார்.

அன்று நடந்ததை அவர் சொன்னபடியே தருகிறேன். கைப்பிடி இல்லாத நாற்காலியில் அமர்ந்து, கண்களை மூடி, பழகியிருந்தபடி பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணினார். உடல் சொன்னபடி கேட்டது. தோள்கள் இறங்கின, கால்கள் தளர்ந்தன. ரப்பர் பட்டை கட்டப்பட்டது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு முழங்கையின் உட்புறத்தில் குளிர்ச்சியாகப் பட்டது. அடுத்த கணம் காதுகள் அடைத்துக்கொண்டன. அதன்பின் அவருக்கு நினைவிருப்பது தரையின் குளிர்ச்சிதான். விழும்போது மேசை விளிம்பில் பட்டுப் புருவத்தின்மேல் சிறு காயம். ரத்தம் எடுக்கவே இல்லை.

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முந்தைய மயக்கங்களில் பெரும்பாலும் ஊசி உள்ளே சென்ற பிறகே அவர் விழுந்திருக்கிறார். இம்முறை அச்சம் மிகக் குறைவாக இருந்தபோதும் மயக்கம் முன்னதாகவே வந்துவிட்டது. இந்த முரணுக்கு அவர் தாமாக ஒரு விளக்கம் கண்டிருந்தார்: "என் மேல்மனம் ஒப்புக்கொண்டது, ஆழ்மனம் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்குள்ளேயே ஒருத்தி எனக்கு எதிராக வேலை செய்கிறாள்." காயத்தைவிட இந்த எண்ணம்தான் அவரை அதிகம் வருத்தியது.

## முதல் சந்திப்புகளில் கண்டவை

மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்துடன் அவர் என்னிடம் வந்தார். இதய மின்வரைபடம் இயல்பாக இருந்தது, ரத்தசோகைக்கான அறிகுறி இல்லை, படுத்து எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கவில்லை என்று அதில் குறிப்பிடப்பட்டிருந்தது. மயக்கத்திற்கு வேறு உடற்காரணம் இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்யாமல் இத்தகைய ஒருவருக்கு மனப்பயிற்சியைத் தொடங்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

இரண்டாம் சந்திப்பில், மேல்கையில் ரத்த அழுத்தமானியைக் கட்டியபடி, அவருடைய பழைய ஒலிப்பதிவை எட்டு நிமிடங்கள் கேட்கச் செய்தேன். தொடக்கத்தில் 112/72 என்றிருந்த அழுத்தம் 100/64 ஆனது. சற்று இடைவெளி விட்டு, சாய்வு நாற்காலியில் கால்களை உயர்த்தி அமரவைத்து, ஊசியின் படம் ஒன்றைக் காட்டினேன். முதலில் அழுத்தம் 128/82 என்று ஏறியது; நாடித்துடிப்பும் ஏறியது. ஒன்றரை நிமிடத்திற்குள் இரண்டும் சரிந்து, அழுத்தம் 90/56-ஐத் தொட்டபோது முகம் வெளிறத் தொடங்கியது. படத்தை எடுத்துவிட்டு அவரைப் படுக்கவைத்தோம்.

நாயைக் கண்டு அஞ்சுபவருக்கும் உயரத்தைக் கண்டு அஞ்சுபவருக்கும் இதயம் வேகமாகத் துடிக்கும், அழுத்தம் ஏறும், அந்த நிலை அப்படியே நீடிக்கும். அவர்கள் மயங்கி விழுவது மிக அரிது. ரத்தத்தையும் ஊசியையும் கண்டு அஞ்சுபவர்களில் பலருக்கு இரண்டு கட்டங்கள் நிகழ்கின்றன. முதலில் ஏற்றம், பிறகு திடீர்ச் சரிவு. வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது, ரத்தக் குழாய்கள் விரிகின்றன, மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது, நினைவு தப்புகிறது. மற்ற அச்சங்களுக்கு மருந்தாகும் தளர்வு, இங்கே இரண்டாம் கட்டத்திற்குக் கைகொடுத்துவிடக்கூடும். ஆகவே அந்த 6 வாரங்களும் ஆழ்மனம் அவரை எதிர்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. அது அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறது. தளரச் சொன்னார், தளர்ந்தது. கீழே இறங்கச் சொன்னார், இறங்கியது.

அவருடைய மற்ற இரண்டு வாக்கியங்களிலும் ஒரு குறை இருந்தது. "மயங்கி விழ மாட்டேன்" என்பதைப் பொருள் கொள்ள வேண்டுமானால், மயங்கி விழுவதை ஒரு கணமேனும் மனத்தில் வரைந்தாக வேண்டும். 'மாட்டேன்' என்ற மறுப்பு மொழியில்தான் இருக்கிறது. படத்தில் அதற்கு இடமில்லை. வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்ளப்பட்டவர்கள் அதையே மீண்டும் மீண்டும் நினைத்ததை உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். இந்தப் பெண் 6 வாரங்கள் ஒவ்வோர் இரவும், மனம் குவிந்திருந்த நேரத்தில், விழுவதையே ஒத்திகை பார்த்திருக்கிறார்.

## ஆழ்மனம் என்ற சொல்லை நாங்கள் எடுத்துக்கொண்ட விதம்

எனக்குள் ஒருத்தி என்ற எண்ணத்தை அவர் மனத்திலிருந்து அகற்றுவது முதல் வேலையாக இருந்தது. ஆழ்மனத்தைப் பாதாள அறையாகவும், அதில் பூட்டி வைக்கப்பட்ட எதிரியாகவும் கருதுவது பரவலான வழக்கம். நடைமுறையில் அதை வேறு விதமாக எடுத்துக்கொள்வது பயன் தருகிறது: நம் கவனத்திற்கு வராமலே நடந்து முடியும் செயல்களின் தொகுப்பு. பழக்கங்கள், ஒரு மணத்தோடோ ஒலியோடோ பிணைந்துவிட்ட உடல் எதிர்வினைகள், அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்புகள் எல்லாம் அதில் அடங்கும். ஸ்பிரிட்டின் மணம் மூக்கை எட்டியதும் ரத்தக் குழாய்கள் விரிவது அவர் எடுத்த முடிவால் நிகழ்வதன்று. எனவே முடிவெடுத்து அதை நிறுத்தவும் முடியாது.

விளக்கிச் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது என்று நினைத்து, ஒரு மோதிரத்தை நூலில் கட்டி அவரிடம் கொடுத்தேன். முழங்கையை மேசையில் ஊன்றி, நூலின் நுனியைப் பிடித்து, கையை அசைக்காமல், மோதிரம் இடவலமாக ஆடுவதை மட்டும் மனத்தில் பார்க்கச் சொன்னேன். அரை நிமிடத்தில் அது ஆடத் தொடங்கியது. வட்டமாகச் சுற்றுவதை நினைக்கச் சொன்னேன்; ஆட்டம் மெல்ல வளைந்து வட்டமானது. "நான் அசைக்கவே இல்லை" என்றார் வியப்புடன். அவர் அசைத்தார், அசைத்ததை அறியவில்லை. எண்ணம் இவ்வாறு மன உறுதியின் துணையின்றித் தசையை இயக்குவதற்கு உடலியலாளர் வில்லியம் கார்பென்டர் 1852-லேயே பெயரிட்டு விளக்கம் அளித்திருக்கிறார். அதே நூற்றாண்டில், ஹிப்னாடிசம் என்ற சொல்லைப் பரப்பிய அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு, அந்த நிலையை ஒரே எண்ணம் மனத்தை முழுமையாக ஆட்கொள்ளும் நிலையாக விளக்கத் தலைப்பட்டார். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பாயும் காந்த ஆற்றல் எதுவும் இல்லை என்பது அவருடைய முடிவு. அறிதுயிலை, அதாவது ஹிப்னாஸிஸைப் பற்றி ஒருவர் அறிய வேண்டிய சாரம் இதில் அடங்கியிருப்பதாகவே நான் கருதுகிறேன். கவனம் குறுகுகிறது, ஓர் எண்ணத்திற்குப் போட்டி குறைகிறது, போட்டியில்லாத எண்ணம் உடலில் நிகழத் தொடங்குகிறது. அந்த எண்ணம் உடலுக்கு உகந்ததா இல்லையா என்று சோதிக்கும் காவலாளி யாரும் உள்ளே இல்லை.

மோதிரத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியென்றால் நான்தான் தவறாகச் சொல்லியிருக்கிறேன்" என்றார். தவறு அவருடையது அன்று என்றும், எல்லா அச்சத்திற்கும் தளர்வே தீர்வு என்று பொதுவாகத் தயாரிக்கப்பட்ட பதிவுக்கு அவருடைய உடலின் தனித்தன்மை தெரிந்திருக்க வழியில்லை என்றும் சொன்னேன்.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, பழைய ஒலிப்பதிவை உறக்கத்திற்கு மட்டும் வைத்துக்கொண்டு, பரிசோதனையோடு அதற்குள்ள தொடர்பைத் துண்டிப்பது.

இரண்டாவது முடிவில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. அறிதுயிலில் பின்னோக்கிச் சென்று, அச்சம் தொடங்கிய நிகழ்வைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் நம்பினார். அப்படிச் செய்யுமாறு வற்புறுத்தினார். நான் மறுத்தேன். அறிதுயில் நினைவின் துல்லியத்தைக் கூட்டுவதாகக் கொள்ள முடியாது. கற்பனையாக எழுந்த காட்சியும் உண்மை நினைவுபோல உறுதியாகப் பதிந்துவிடும் ஆபத்து அதில் உண்டு. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்வுக் குழு 1985-லேயே இதுகுறித்து எச்சரித்திருக்கிறது. மேலும், தாயாருக்கும் இருந்த ஓர் உடல் இயல்புக்குத் தொடக்க நிகழ்வு ஒன்று இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. இதை அவர் ஏற்றுக்கொள்ள இரண்டு சந்திப்புகள் ஆயின.

மூன்றாவது முடிவு, தளர்வுக்கு நேர் எதிரானதைக் கற்பது. ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் தம் சகாவுடன் 1987-ல் விவரித்த தசை இறுக்கப் பயிற்சி இவ்வகை மயக்கத்திற்கு நன்கு நிலைபெற்ற வழிமுறை. கை, உடல், கால் தசைகளை 10 முதல் 15 வினாடிகள், முகத்தில் சூடு ஏறும்வரை இறுக்கி, பிறகு தளர்வு நிலைக்குப் போகாமல் இயல்பு நிலைக்கு மட்டும் திரும்பி, 20 அல்லது 30 வினாடிகள் கழித்து மீண்டும் இறுக்க வேண்டும். ஒரு வேளைக்கு ஐந்து சுற்றுகள். அழுத்தம் சரியத் தொடங்கும்போது இது அதை நிமிர்த்துகிறது.

அப்படியானால் இந்தப் பயிற்சி மட்டும் போதாதா, சுய ஹிப்னாஸிஸ் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. பலருக்குப் போதும். இவரைப் பொறுத்தவரை இரண்டு காரணங்களால் இரண்டையும் இணைத்தேன். காது அடைத்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதே தமக்கு மறந்துவிடும் என்றார் அவர்; நினைவுகூர்ந்து செய்ய வேண்டிய எந்த உத்தியும் நினைவு மங்கும் நேரத்தில் கைகொடுக்காது. ஆகவே, இறுக்கம் பஞ்சின் குளிர்ச்சியோடு பிணைந்து தானாக எழ வேண்டும். அடுத்து, 6 வாரங்கள் ஒரு நாளும் தவறாமல் பயின்ற ஒருவரின் திறமையைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. அறிதுயிலுக்கு ஆட்படும் திறன் ஆளுக்கு ஆள் மாறுபடும். எளிய சோதனைகளில் அவர் நடுத்தர நிலையில் இருந்தார். அது போதுமானது.

## பயிற்சி

முதல் இரண்டு வாரங்கள் விழித்த நிலையில் தசைப் பயிற்சி மட்டும். வழக்கமாக முதலில் கை முஷ்டிகளை இறுக்கச் சொல்வார்கள். வீங்கிய விரல் மூட்டுகளோடு அது இயலாது என்பதால் தொடை, பிட்டம், அடிவயிறு ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். மூச்சை அடக்காமல் இறுக்கக் கற்றுக்கொள்ள அவருக்கு நான்கு நாட்கள் பிடித்தன. இறுக்கும்போது அழுத்தம் ஏறுவதைத் தம் கண்ணாலேயே மானியில் பார்த்தது அவருக்குப் பெரிய ஊக்கமாக அமைந்தது.

மூன்றாம் வாரம் முதல் சுய ஹிப்னாஸிஸைத் தொடங்கினோம். படுக்கைக்குப் பதிலாக நிமிர்ந்த நாற்காலி. 25 நிமிடத்திற்குப் பதிலாகப் பத்து நிமிடம். படிகளில் இறங்குவதற்குப் பதிலாகச் சரிவான பாதையில் ஏறுவது. கண் மட்டத்திற்குச் சற்று மேலே சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்து, இமைகள் தாமாக மூடியதும் ஏறத் தொடங்குவார். ஒவ்வோர் அடிக்கும் தொடை இறுகுவதை உணர்வார். உச்சியை எட்டிய பிறகு, கையில் தயாராக வைத்திருக்கும் ஸ்பிரிட் பஞ்சை முழங்கை மடிப்பில் தொட்டுக்கொள்வார். அந்தக் குளிர்ச்சி பட்ட கணத்தில் கருத்தேற்றத்தைச் சொல்லிக்கொள்வார். முடிக்கும்போது ஒன்று முதல் ஐந்து வரை எண்ணி, கண் திறந்து, கைகால்களை நீட்டி, முழுதாக விழித்த பிறகே எழுந்திருக்க வேண்டும் என்பதும், வாகனம் ஓட்டும்போதோ கவனம் தேவைப்படும் வேலையின்போதோ இதைச் செய்யக் கூடாது என்பதும் மீற முடியாத விதிகள்.

கருத்தேற்ற வாக்கியங்களை அமைப்பதில்தான் எங்கள் நேரம் அதிகம் சென்றது. நான் எழுதிக் கொடுத்த முதல் வடிவம் இது: "பஞ்சின் குளிர்ச்சி தோலில் படுகிறது. என் தொடைகள் இறுகுகின்றன. முகத்தில் சூடு ஏறுகிறது. எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. நான் துணிவாக இருக்கிறேன்." மறுப்புச் சொல் இல்லை, எதிர்கால வினைச்சொல் இல்லை, உடலில் உணரக்கூடியவை மட்டும் என்று கவனமாக எழுதியதாகவே நினைத்திருந்தேன். ஒரு வாரம் பயின்றுவிட்டு வந்தவர், கடைசி வாக்கியத்தை எடுத்துவிடுமாறு கேட்டார். "அந்த இடம் வரும்போது மட்டும் விழித்துக்கொள்கிறேன். அது பொய் என்று எனக்கே தெரிகிறது." அவர் சொன்னது சரி. தொடை இறுகுவது சொல்லும்போதே நிகழ்கிறது. அதை மறுக்க ஒன்றுமில்லை. துணிவு என்பது ஒரு தீர்ப்பு. தீர்ப்பைச் சொன்னதும் அதை எடைபோடும் மனம் எழுந்துகொள்கிறது. தற்கருத்தேற்றத்தைப் பரப்பிய பிரெஞ்சு மருந்தாளுநர் எமில் கூவே, விருப்பமும் கற்பனையும் மோதும்போது கற்பனையே வெல்லும் என்று வலியுறுத்தினார். நம்பாத சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது அந்த மோதலை நாமே ஏற்படுத்திக்கொள்வதாகும். வாக்கியத்தை நீக்கினோம்.

ஐந்தாம் வாரம் நான் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன்: "என் உடல் முழுவதும் உறுதியாகிறது." அடுத்து நடந்ததற்கு இந்த வாக்கியமே காரணம்.

## முதல் பரிசோதனையில் நேர்ந்த பிழை

ஆறாம் வார இறுதியில் பரிசோதனை. மருத்துவரின் ஏற்பாட்டின்படி படுத்த நிலையில் ரத்தம் எடுக்க ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. முன்கூட்டியே அவர் போதிய அளவு தண்ணீர் குடித்திருந்தார். நான் உடன் இருந்தேன். பஞ்சு பட்டது. தொடைகள் இறுகுவது போர்வையின் மேலேயே தெரிந்தது. முகம் சிவந்தது. நான் உள்ளுக்குள் மகிழ்ந்தேன்.

ஆனால் நீட்டிய கையும் இறுகியிருந்தது. விறைத்த கையில் ரத்தக் குழாய் எளிதாகக் கிடைக்கவில்லை. முதல் முறை குத்தியது தவறியது. ஆய்வக நுட்பநர் கையைத் தளர்த்தும்படி மூன்று முறை கேட்டார், அவரால் முடியவில்லை. கையைத் தளர்த்தினால் கால்களும் தளர்ந்தன. கால்களை இறுக்கினால் கையும் இறுகியது. இரண்டாம் முறை குத்தியபோது ரத்தம் கிடைத்தது; அதற்குள் அவர் வெளிறி, வியர்த்து, காது அடைக்கும் நிலைக்கு வந்துவிட்டார். நினைவு தப்பவில்லை.

தசை இறுக்கப் பயிற்சியில் ஊசி போடும் கையை விட்டுவிட வேண்டும் என்பது எனக்குத் தெரிந்த செய்திதான். விழித்த நிலைப் பயிற்சியில் தொடையையும் வயிற்றையும் மட்டுமே இறுக்கியதால் அது இயல்பாகவே நிறைவேறிவிட்டது. அதனால் கையைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லாமல் விட்டுவிட்டேன். பிறகு 'உடல் முழுவதும்' என்று ஒரு சொற்றொடரைச் சேர்த்தேன், அது காதுக்கு நன்றாக ஒலித்தது என்பதற்காக. ஒரு வாரத்திற்குமேல் தினமும் அந்தச் சொல்லை ஏற்றிக்கொண்டவரின் உடல், அந்தச் சொல்லின்படியே நடந்தது. தளரச் சொன்ன பழைய பதிவு செய்த பிழையை நான் எதிர்த்திசையில் செய்திருக்கிறேன் என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். "இந்த முறை விழவில்லையே" என்று அவர் சொன்னது பெருந்தன்மை.

## திருத்தமும் அதன்பின் நிகழ்ந்தவையும்

உடலின் ஒரு பகுதி இறுகியிருக்க, இன்னொரு பகுதி தளர்ந்திருப்பதை விழித்த நிலையில் முயன்று செய்வது கடினம். ஒரு கையை மட்டும் தன்னிடமிருந்து விலகியதாக உணர்வது அறிதுயிலில் பழகக்கூடிய, நெடுங்காலமாக அறியப்பட்ட ஒன்று. எனவே பாதையில் ஏறும் காட்சியில் ஒரு மாற்றம் செய்தோம். ஏறி முடித்ததும் அவர் ஒரு பாறையில் அமர்கிறார்; இடது கை மடியில் வைத்த ஈரத் துணிபோலக் கிடக்கிறது; கால்கள் இன்னும் பாதையை அழுத்திக்கொண்டிருக்கின்றன. 'உடல் முழுவதும்' என்ற வாக்கியம் போனது. அதன் இடத்தில், "கால்கள் வேலை செய்கின்றன, இடது கைக்கு ஓய்வு" என்ற வரி வந்தது. இந்த வரியை எழுதியவர் அவர்தான்.

பயின்ற பத்தாம் நாள், கண்களை மூடி அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது, முன்னரே கேட்டுக்கொண்டபடி அவருடைய இடது மணிக்கட்டைத் தூக்கி விட்டேன். அது தன் எடையிலேயே மடியில் விழுந்தது. அதே நேரத்தில் தொடைத் தசைகள் கல்லாக இருந்தன. அப்போதுதான் அடுத்த பரிசோதனைக்குத் தேதி குறித்தோம்.

அதற்கு அடுத்த மூன்று பரிசோதனைகளிலும் ரத்தம் ஒரே குத்தில் எடுக்கப்பட்டது. முதலாவது படுத்த நிலையிலும், இரண்டாவது சாய்வு நாற்காலியிலும் சிரமமின்றி முடிந்தன. மூன்றாவதுக்கு முன், மூட்டு வலி கூடி உறக்கம் கெட்டதால் அவர் பத்து நாட்கள் பயிற்சியை விட்டிருந்தார். அன்று கண் முன் சாம்பல் நிறம் படர்ந்தது என்றும், இறுக்கம் தானாக எழவில்லை, தாமே முயன்று எழுப்ப வேண்டியிருந்தது என்றும் கூறினார். மயங்கவில்லை. பிணைப்பு நிலைத்திருக்கப் பராமரிப்பு தேவை என்பதை அந்த ஒரு நாள் தெளிவாகக் காட்டியது. பரிசோதனை முடிவுகள் தொடர்ந்து கிடைத்ததால் மருத்துவர் மருந்தைத் தொடர்ந்தார்.

## எது எதனால்?

சுய ஹிப்னாஸிஸ் இவரைக் குணப்படுத்தியது என்று எழுதுவது எனக்கு எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. தசை இறுக்கம் தன்னளவிலேயே ஆற்றல் உள்ளது. ஸ்பிரிட் பஞ்சைத் தினமும் தொட்டதும், ஆய்வகத்திற்கு மீண்டும் மீண்டும் சென்றதும் அச்சத்தைக் குறைக்கும் நேரடிப் பழக்கங்கள். படுத்திருந்ததும் தண்ணீர் குடித்ததும்கூடத் துணை செய்திருக்கும். ஒருவரைப் பற்றிய ஆய்வில் இவற்றைப் பிரித்து அளக்க வழியில்லை.

ஆயினும் மூன்று இடங்களில் சுய ஹிப்னாஸிஸின் தடம் தனியாகத் தெரிவதாகக் கருதுகிறேன். பழைய பதிவால் மயக்கம் முந்திக்கொண்டது. என்னுடைய கவனக்குறைவான சொல்லால் கை விறைத்தது. திருத்திய சொல்லால் கை மட்டும் தளர்ந்தது. மூன்றிலும் சொல்லிய படமே உடலில் நிகழ்ந்தது. இவற்றில் இரண்டு நாங்கள் விரும்பாத விளைவுகள் என்பதாலேயே அவை எனக்கு வலுவான சான்றுகளாகத் தோன்றுகின்றன. விரும்பிய விளைவு மட்டும் கிடைத்திருந்தால், நம்பிக்கையால் கண்டதாக ஒதுக்கிவிடலாம்.

## இனி மாற்றிக்கொள்பவை

ஊசி அச்சத்தோடு வருபவரிடம், இதுவரை மயங்கி விழுந்ததுண்டா என்ற கேள்வியை முதலில் கேட்கிறேன். விழுந்ததுண்டு என்றால், தளர்வுப் பதிவு ஏதேனும் கேட்டுவருகிறாரா என்பது இரண்டாவது கேள்வி.

எந்தக் கருத்தேற்றத்தையும் அது பயன்படும் சூழலில் வைத்து ஒருமுறை நடித்துப் பார்க்காமல் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில்லை. நாற்காலியில் அமரவைத்து, கையை நீட்டச் செய்து, ரப்பர் பட்டையைக் கட்டிப் பார்த்திருந்தால், விறைத்த கை என் அறையிலேயே எனக்குத் தெரிந்திருக்கும். அவர் இரண்டாவது குத்தை அனுபவித்திருக்க வேண்டியதில்லை. பயிற்சியின் நடுவில் ஒரு சொல்லை மாற்றினாலும் இந்தச் சோதனையை மீண்டும் செய்கிறேன்.

வாக்கியங்களைப் பயில்பவர் தம் சொற்களிலேயே அமைக்க வேண்டும் என்பதையும் இப்போது விதியாக வைத்திருக்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான்: இதைச் சொல்லும்போது உள்ளே என்ன படம் வருகிறது? அந்தப் படத்தை அவர் விவரித்த பிறகே வாக்கியம் ஏற்கத்தக்கதா என்று பேசுகிறோம்.

## ஓராண்டுக்குப் பின்

கடைசியாக அவரைச் சந்தித்தபோது, மாலைப் பயிற்சி வாரத்தில் இரண்டு நாட்களாகக் குறைந்திருந்தது. ஊசியைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்பதில் மாற்றமில்லை என்றார். குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

அவர் விடைபெறும் வேளையில் ஒரு செய்தியைச் சொன்னார். அலுவலகத்தில் உடன் பணிபுரிபவர் ஒருவர் விரலைக் காகித விளிம்பில் கிழித்துக்கொண்டு, பக்கத்து மேசையில் அமர்ந்து ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டிருந்தாராம். இவர் ஒரு கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. சிறிது நேரம் கழித்து, தம் தொடைகள் இறுகியிருப்பதையும் இடது கை மட்டும் மடியில் தளர்ந்து கிடப்பதையும் உணர்ந்தாராம். அதன்பிறகே ஸ்பிரிட்டின் மணம் வருவது அவருக்குத் தெரிந்திருக்கிறது.